புலி பதுங்கட்டும், நீங்கள் காசைப் போடுங்கோ

எங்கட பக்கத்துப் போக்கர் மேசைகளில பெரிய கை ஆருக்கு விழுந்தது எண்டு கண்டுபிடிக்கிறது லேசு. அதுவரைக்கும் கிரிக்கெட், கம்பஸ், காதல் எண்டு வாய் ஓயாமல் கதைச்சுக்கொண்டிருந்தவர் திடீரென்று சாதுவாகிவிடுவார். ஆறிப்போன பிளேன்ரீயை எடுத்து ஒரு மிடறு குடிப்பார். தன்ட முறை வரேக்க மேசையை ரெண்டு தட்டுத் தட்டி, ஏதோ பாவப்பட்ட சீவன் மாதிரி "செக்" எண்டுவார். கேட்டால், புலி பதுங்கிறது பாயத்தானாம்.

இதுக்குப் பேர் ஸ்லோபிளே. பலமான கையை வைச்சுக்கொண்டு பலவீனமானவர் போல நடிக்கிறது. எதிராளி தைரியம் கொண்டு உள்ள வரட்டும், கடைசியில அமத்துவம் எண்ட கணக்கு. யூடியூப்பில பார்த்தால் மெய்சிலிர்க்கும். ஆனால் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் அனெக்ஸ்களில சனிக்கிழமை இரவு நடக்கிற விளையாட்டுக்கு இது கிட்டத்தட்ட எப்பவுமே பிழையான யோசனை எண்டுறதுதான் என்ட வாதம். பிழை எண்டால் கொஞ்சம் பிழை இல்ல. நல்ல கை கிடைக்கிறதே அருமை, அந்த அருமையை அரை விலைக்கு வித்துப்போடுற பிழை.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிசம். டெக்ஸஸ் ஹோல்டமில ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு காட்ஸ் கவிழ்த்துக் கிடைக்கும். பிறகு மேசை நடுவில எல்லாருக்கும் பொதுவாக அஞ்சு காட்ஸ் திறக்கப்படும்: முதல்ல மூண்டு (ஃபுளொப்), பிறகு ஒண்டு (டேர்ன்), கடைசியாக ஒண்டு (ரிவர்). காட்ஸ் பிரிச்ச உடனேயும், நடுவில ஒவ்வொருமுறை திறந்த பிறகும் காசு போடலாம், மற்றவர் போட்டதுக்குச் சரிக்குச் சரி போட்டு கோல் பண்ணலாம், இல்லாட்டி கையை எறிஞ்சு ஃபோல்ட் பண்ணலாம். நடுவில சேருகிற காசு பொட். நோ-லிமிட் எண்டால், உங்களிட்ட மேசையில இருக்கிற முழுக்காசையும் எந்த நேரத்திலும் தள்ளலாம். இந்தக் கடைசி விசயத்தை மனசில வைச்சிருங்கோ, முழுக் கதையும் அதிலதான் இருக்கு.

எங்கட ஆக்களுக்கு இந்தப் பதுங்கல் பழக்கம் எங்கயிருந்து வந்தது எண்டு யோசிச்சால், எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியுது: முந்நூற்றி நாலு.

தமிழ் வீடுகளில காட்ஸ் எண்டாலே 304தான். 32 காட்ஸ். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயீனுக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டுமில்ல. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. இஸ்கோப்பன், கலாவரை எண்டு ஒல்லாந்தர் விட்டிட்டுப் போன பேர்களை இண்டைக்கும் சொல்லிக்கொண்டு, வெள்ளைச் சாரத்தோட மாமாமார் அடிக்கிற அதே விளையாட்டு. கேள்வி கேட்டு வெண்டவர் தன்ட துரும்பைக் கவிழ்த்து வைப்பார். மற்றவைக்கு அது எந்தச் சாதி எண்டு தெரியாது. அது வெளிப்படுகிற அந்தக் கணம், நெற்றிக்கு மேலால கையை ஓங்கி மேசையில அடிக்கிற அந்தச் சத்தம், அதுக்காகத்தான் பாதிப் பேர் விளையாடுறதே. மறைச்சு வைக்கிறதும் பிறகு அடிச்சுக் காட்டுறதும்தான் காட்ஸின் சுகம் எண்டு பத்து வயசிலேயே எங்கட உடம்புக்குள்ள ஏறிவிட்டுது.

ஆனால் 304இல மறைக்கிறதால ஏன் நட்டமில்ல எண்டு ஆரும் யோசிக்கிறதில்ல. அங்க மொத்தப் புள்ளி 304, கேட்ட கேள்விக்கு எத்தினை கல்லு எண்டதும் முதலே தீர்ந்துபோகும். நீங்கள் எவ்வளவு நடிச்சாலும் அந்த 304, 305 ஆகாது. அதைவிட முக்கியம், அங்க ஒருத்தரும் எழும்பி ஓட ஏலாது. எட்டுக் காட்ஸையும் எல்லாரும் விளையாடித்தான் முடிக்க வேணும். போக்கரில ரெண்டுமே தலைகீழ். பொட் எண்டது முதலே வைச்சிருக்கிற சாமான் இல்ல, நீங்களாகக் கட்டி எழுப்ப வேண்டியது. எதிராளி எந்த நிமிசமும் கையை எறிஞ்சிட்டுப் போகலாம். ஒரு விளையாட்டின் சுகத்தை மற்ற விளையாட்டுக்குள்ள கொண்டுவந்து அதுக்குத் தந்திரம் எண்டு பேர் வைச்சிருக்கிறம், அவ்வளவுதான்.

அதிலும் பகிடி என்னெண்டால், 304கூட அளவுக்கு மிஞ்சிப் பதுங்கிறவரை மன்னிக்கிறதில்ல. எல்லாப் பிடியும் எங்களுக்குத்தான் எண்டு நிச்சயமாகத் தெரிஞ்ச உடனே "கப்ஸ்" எண்டு சொல்ல வேணும். தெரிஞ்சும் சும்மா இருந்து பிந்திச் சொன்னால் தண்டனை. வீட்டுக்கு வீடு சட்டம் கொஞ்சம் மாறும், ஆனால் மாமாமார் இந்த விசயத்தில எவ்வளவு கறார் எண்டு உங்களுக்கே தெரியும். பலம் இருந்தால் வாயைத் திறந்து சொல்லு எண்டதை அந்த விளையாட்டு சட்டமாகவே எழுதி வைச்சிருக்கு. நாங்கள் துரும்பை மட்டும் எடுத்துக்கொண்டு கப்ஸை விட்டிட்டு வந்திட்டம்.

இனிக் கணக்கு. கஷ்டமில்ல, நான் ஆர்ட்ஸ் படிக்கிற ஆள்.

ஃபுளொப் திறக்கேக்க பொட்டில 100 ரூபா கிடக்குது எண்டு வையுங்கோ. நீங்களும் ஒரு எதிராளியும். ஒவ்வொரு சுற்றிலும் பொட்டில பாதியளவு பெட் பண்ணுறீங்கள், அவர் கோல் பண்ணுறார். 50 போட, அவரும் 50 போட, பொட் 200. அடுத்த சுற்றில 100க்கு 100, பொட் 400. ரிவரில 200க்கு 200, பொட் 800. இப்ப ஃபுளொப்பில பதுங்கி செக் பண்ணி, மிச்ச ரெண்டு சுற்றிலும் அதே மாதிரிப் போடுங்கோ. 100 இலிருந்து 200, 200 இலிருந்து 400. அவ்வளவுதான். ஒரேயொரு சுற்றைச் சும்மா விட்டதுக்கு விலை, கடைசிப் பொட்டில பாதி. ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பொட் அளவுக்கே போடுறவை எண்டால் இன்னும் மோசம்: மூண்டு சுற்றுப் போட்டால் 2700, ரெண்டு சுற்றுப் போட்டால் 900.

நீங்கள் விட்டது 50 ரூபா பெட் ஒண்டு எண்டு நினைக்கிறீங்கள். உண்மையில விட்டது அந்த 50 போட்டிருக்கக்கூடிய குட்டிகளையும்தான். வட்டிக்கு வட்டி மாதிரி. லிமிட் போக்கரில பெட்டின் அளவு முதலே தீர்மானிச்சது, அங்க ஒரு சுற்றை விட்டால் ஒரு பெட்தான் நட்டம். நோ-லிமிட்டில ஒவ்வொரு பெட்டும் அடுத்ததைப் பெருப்பிக்கிறது. ஆகவே பதுங்கிறதுக்குத் தனியா ஒரு விலை இருக்கு, அந்த விலையை எங்கட பெடியள் ஒருத்தரும் எண்ணிப் பார்க்கிறதில்ல.

"பெட் பண்ணினா எல்லாரும் ஓடிப்போடுவாங்கள் மச்சான்." இதுதான் வழமையான பதில். சரி, ஆர் ஓடுவினம்? கையில ஒண்டுமில்லாதவை ஓடுவினம். அவை அடுத்த காட்டுக்குப் பிறகும் பெரும்பாலும் ஒண்டுமில்லாமல்தான் இருப்பினம். சோடியில்லாத ரெண்டு காட்ஸோட வாறவருக்கு ஃபுளொப்பில ஒரு சோடியாவது விழுறதுக்கு மூண்டில ஒரு வாய்ப்பு இருக்கு. ஃபுளொப்பில ஒண்டும் விழாமல் போனவருக்கு டேர்னில சோடி விழ 47 காட்ஸில 6தான், கிட்டத்தட்ட எட்டில ஒண்டு. அந்த எட்டில ஒண்டைப் பிடிக்கிறதுக்காக, ஏற்கெனவே சோடி வைச்சுக்கொண்டு காசு போடத் தயாரா இருக்கிறவரிட்ட ஒண்டும் வாங்காமல் விடுறம்.

அதோட எங்கட மேசைகளில ஓடுறதெண்டது கதைக்கு மட்டும்தான். இது ஆயிரக்கணக்கான டொலர் போற மேசை இல்ல. போனால் ஒரு கொத்துக் காசு. அப்படியான இடத்தில ஆக்கள் கோல் பண்ணுறதுக்குக் காரணம் கணக்கில்ல, விடுப்பு. "பார்ப்பம், என்னதான் வைச்சிருக்கிறாய் எண்டு." ஒரு சோடி ஏழை வைச்சுக்கொண்டு ரிவர் வரைக்கும் வாற மனுசர் இருக்கிற மேசையில, பலவீனமா நடிச்சு ஆரைக் கூப்பிடப் போறீங்கள்? அவர் கதவைத் திறந்துகொண்டு ஏற்கெனவே உள்ள வந்து இருக்கிறார்.

போன வருசம் தெஹிவளையில ஒரு அனெக்ஸில நடந்தது இது. ஆள் ஒரு நல்ல சிநேகிதர், பேர் வேண்டாம். கையில ரெண்டு கிங். நாலு பேர் ஆளுக்கு 100 போட்டு பொட் 400. ஃபுளொப்பில ஆட்டின் கிங், ஆட்டின் எட்டு, இஸ்கோப்பன் ஏழு. மூண்டு கிங், அந்த நேரத்தில அதை வெல்ல மேசையில ஒரு கையும் இல்ல. ஆள் பிளேன்ரீயை எடுத்தார். செக். மற்ற மூண்டு பேரும் செக். டேர்னில கலாவரை ஜாக். பத்தும் ஒன்பதும் வைச்சிருந்தவருக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக் எண்டு வரிசையா ஸ்ரெயிட் விழுந்திட்டுது. இப்பதான் எங்கட ஆள் விழிச்சு 300 போடுறார், மற்றவர் முழுக்காசையும் தள்ளுறார், எங்கட ஆள் கோல். அவரைக் காப்பாத்தக்கூடிய காட்ஸ் இன்னும் 10 இருந்தது. ரிவரில வந்தது ரெண்டு.

பிறகு ஒரு மணித்தியாலம் அந்த ஜாக்குக்குத் திட்டு. ஜாக் என்ன செய்யும்? பத்தும் ஒன்பதும் வைச்சிருந்தவருக்குத் தேவையான ஜாக்கும் ஆறும் சேர்த்து 8 காட்ஸ், அவர் பார்க்காத 47க்குள்ள. நூற்றுக்கு 17. ஃபுளொப்பில எங்கட ஆள் 300 போட்டிருந்தால், அந்த 17 வீத வாய்ப்புக்கு அவர் 700ஐ வெல்ல 300 கட்டியிருக்க வேணும். அந்த விலை நியாயமாக அவருக்கு 30 வீத வாய்ப்பு வேணும். கட்டியிருந்தால் பிழையான விலைக்குக் கட்டியிருப்பார், கட்டாட்டில் போயிருப்பார். ரெண்டும் எங்கட ஆளுக்கு நல்லம். அவர் அந்தக் காட்டைக் கையில வைச்சு இலவசமாகக் குடுத்தார். இதில எனக்கு உண்மையா வயிறெரிஞ்சது வேற விசயம். ஏஸும் எட்டும் வைச்சிருந்த மூண்டாவது ஆள் பிறகு சொன்னார், ஃபுளொப்பில 300 கேட்டிருந்தால் தானும் வந்திருப்பாராம். தோற்ற காசை எல்லாரும் எண்ணினம். வராமல் போன அந்த 300ஐ எண்ணினது நான் மட்டும்தான்.

ஸ்லோபிளேக்கு ஆதரவாகப் பேசுறவை கடைசியில வந்து நிற்கிற இடம் ஜொனி சான். 1988 உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டம், சானுக்கு எதிரே எரிக் சைடல். ஜாக், ஒன்பது வைச்சிருந்த சானுக்கு குயீன், பத்து, எட்டு எண்டு ஃபுளொப்பிலேயே ஸ்ரெயிட் விழுந்தது. அவர் அதைக் காட்டிக்கொள்ளாமல் அமைதியா இருந்தார். சைடல் ஒரு சோடி குயீனை நம்பி ரிவரில முழுக்காசையும் தள்ளினார், சான் தொடர்ந்து ரெண்டாவது வருசமும் வெண்டார். 1998இல வந்த ரவுண்டர்ஸ் படத்தில கதாநாயகன் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார். ஒரு தலைமுறையே ஸ்லோபிளேயைக் காதலிச்சது அந்தப் படத்தாலதான் எண்டு சொன்னால் மிகையில்ல.

அழகான ஆட்டம், மறுக்கேல்ல. ஆனால் அந்த மேசையில எத்தினை பேர்? ரெண்டு. எங்கட மேசையில நாலு, அஞ்சு, சில நாள் எட்டு. ஒருத்தருக்கு இலவசமாக ஒரு காட் குடுக்கிறதும் ஏழு பேருக்குக் குடுக்கிறதும் ஒண்டில்ல. அடுத்தது, எதிர்ல இருந்தவர் தானாகவே காசு போடக்கூடிய ஆள். நீங்கள் செக் பண்ணினால் பலவீனம் எண்டு நினைச்சு ஏறி அடிக்கிற ஆளுக்கு எதிராகப் பதுங்கலாம், காரணம் உங்கட வேலையை அவர் செய்து தாறார். நீங்கள் செக் பண்ணினால் "அப்பாடா" எண்டு தானும் செக் பண்ணுறவருக்கு எதிராகப் பதுங்கிப் பிரயோசனமில்ல. எங்கட மேசைகளில இந்த ரெண்டாவது வகைதான் கூட.

டேவிட் ஸ்க்ளான்ஸ்கி 1987இல எழுதின த தியரி ஒஃப் போக்கர் புத்தகத்தில ஸ்லோபிளே பண்ணுறதுக்கு நிபந்தனைகள் சொல்லியிருக்கிறார். கை மிகப் பலமா இருக்க வேணும், பெட் பண்ணினால் எல்லாரும் போய்விடுவினம் எண்ட நிலைமையா இருக்க வேணும், இலவசமாகக் குடுக்கிற காட் எதிராளிக்கு ரெண்டாவது நல்ல கையைக் குடுக்கக் கூடியதாகவும் உங்களை வெல்லுற கையைக் குடுக்கிறது அருமையாகவும் இருக்க வேணும், பொட் இன்னும் பெருக்காமல் இருக்க வேணும். இவ்வளவும் ஒண்டாச் சேர வேணும். அந்தப் புத்தகத்தின்ர உதாரணங்கள் பெரும்பாலும் லிமிட் ஆட்டங்கள், அதாவது பதுங்கிறதின் விலை குறைஞ்ச ஆட்டங்கள். அங்கேயே இத்தினை நிபந்தனை எண்டால் நோ-லிமிட்டில எவ்வளவு யோசிக்க வேணும்? மேல சொன்ன கிங் கையைப் பொருத்திப் பாருங்கோ. முதல் நிபந்தனை மட்டும்தான் சரி. மற்ற எல்லாத்திலும் ஃபெயில்.

இந்தக் கதை வரேக்க ஒரு சிநேகிதி சொன்னா, "நாங்கள் கொழும்புத் தமிழர், அடக்கி வாசிக்கிறது எங்கட ரத்தத்தில இருக்கு" எண்டு. எல்லாரும் சிரிச்சம். ஆனால் அது முழுக்கப் பகிடி இல்ல. 1983 ஜூலையைப் பார்த்தவை, பிறகு காலி வீதியில சோதனைச் சாவடிகளுக்கிடையில பிள்ளை வளர்த்தவை, பஸ்ஸில தமிழ்ல சத்தமாகக் கதைக்காதே எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தவை. கையில என்ன இருக்கு எண்டு காட்டாமல் இருந்ததால உயிர் தப்பின சனம் அது. அந்தப் பதுங்கலை நான் மதிக்கிறன், அதில எனக்கு ஒரு வார்த்தையும் கதைக்க உரிமையில்ல. ஆனால் அது பலம் இல்லாதவர் பதுங்கினது. காட்ஸ் மேசையில நாங்கள் பேசுறது பலம் இருக்கிறவர் பதுங்கிறதைப் பற்றி. ரெண்டையும் ஒரே குணம் எண்டு சொல்லிப் பெருமைப்படுறது, அவைக்கும் மரியாதை இல்ல, போக்கருக்கும் சரிவராது.

எதிர்வாதங்களில எனக்கு உண்மையில பாரமாகத் தெரியிறது ஒண்டுதான். நல்ல கைக்கெல்லாம் பெட் பண்ணி, கூடாத கைக்கெல்லாம் செக் பண்ணினால் நான்கு கிழமையில மேசை முழுக்க உங்களைப் படிச்சு முடிச்சிடும். நீங்கள் பெட் எண்டால் எல்லாரும் எழும்புவினம், செக் எண்டால் ஏறி அடிப்பினம். இப்ப கணினியில தீர்வு பார்க்கிற பெரிய ஆட்டக்காரரும் பலமான கைகளில ஒரு பகுதியை செக் பக்கம் ஒதுக்கி வைக்கிறதுக்கு இதுதான் காரணம். சரியான வாதம். ஆனால் இதுக்கு மருந்து ரெண்டு இருக்கு. ஒண்டு, பலமான கையை செக்குக்குள்ள ஒளிக்கிறது. மற்றது, பலவீனமான சில கைகளையும் பெட்டுக்குள்ள கொண்டுவாறது, அதாவது புளஃப். கவனிச்சுப் பார்க்கிற எதிராளி இருந்தால் ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேணும். முதல்ல பழக வேண்டியது ரெண்டாவது. காரணம் அதில பொட் வளருது. நல்ல கையை ஒளிச்சு வைக்க மேசையிலேயே ஆகத் திறமான இடம் பெட்டுக்குள்ளதான்: நாலு மாதிரிக் கைக்கும் ஒரே அளவாகப் போடுறவரிட்ட இப்ப எது இருக்கு எண்டு ஆர் கண்டது?

அதைவிட, எங்கட மேசையில ஆர் அப்பிடிக் கவனிக்கினம்? பாதிப் பேர் ஃபோனில.

இதோட சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒண்டு: ஸ்லோபிளேயையும் ஸ்லோரோலையும் போட்டுக் குழப்பாதேங்கோ. கடைசியில எல்லாக் காசும் உள்ள போனபிறகு, வெண்டது தான் எண்டு நல்லாத் தெரிஞ்சும், "அய்யோ, உன்ட கைதான் நல்லம் போல" எண்டு முகத்தைத் தூக்கி வைச்சு, எதிராளி காசை அள்ளக் கை நீட்டினபிறகு காட்ஸைத் திருப்புறது ஸ்லோரோல். இதில தந்திரமே இல்ல, அந்த நேரத்தில ஒரு சதமும் கூட வராது. சிநேகிதனை அவமானப்படுத்துறது மட்டும்தான். உலகத்தில எந்த மேசையிலும் இதை அசிங்கம் எண்டுதான் சொல்லுவினம். ஸ்லோபிளே அசிங்கமில்ல, அது விளையாட்டுக்குள்ள இருக்கிற நேர்மையான நடிப்பு. ஆனால் எங்கட ஆக்கள் ஸ்லோபிளே பண்ணுறதுக்கு உண்மையான காரணமும் அந்தத் திருப்பிக் காட்டுற கணத்தின் ஆசைதானோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். பொட் சின்னதாப் போனாலும் பரவாயில்ல, எதிராளியின்ர முகம் மாறுறதைப் பார்க்க வேணும். அதுக்குத்தான் விளையாடுறம் எண்டால் சரி, சுகமான பொழுதுபோக்கு. அதைக் கெட்டித்தனம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

அப்ப எப்பவுமே பதுங்கக் கூடாதா? கூடும். கையில ரெண்டு குயீன், ஃபுளொப்பில மிச்ச ரெண்டு குயீனும் ஒரு நாலும் திறக்குது எண்டு வையுங்கோ. நாலு குயீனும் உங்களிட்ட. எதிராளி கோல் பண்ணுறதுக்கு மேசையில ஒண்டுமே மிச்சமில்ல, எல்லாத்தையும் நீங்களே எடுத்து வைச்சிருக்கிறீங்கள். அடுத்த காட் என்ன வந்தாலும் உங்களுக்குப் பயமில்ல. இப்ப பெட் பண்ணினால் உண்மையிலேயே எல்லாரும் போய்விடுவினம். இந்த இடத்தில பிளேன்ரீயை எடுங்கோ, மேசையைத் தட்டுங்கோ, செக் எண்டுங்கோ. டேர்னில ஒரு கிங் வந்து, கிங் வைச்சிருக்கிறவர் சந்தோசமா 200 போட்டால் சும்மா கோல் பண்ணுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் போடாமல் டேர்னும் தட்டிக்கொண்டே போனால், ரிவரில நீங்களே போடுங்கோ. அவர் செக் பண்ணிப்போடுவார் எண்டு நம்பி மூண்டு சுற்றும் பதுங்கி, நாலு குயீனோட ஆளுக்கு 100 போட்ட பொட்டை மட்டும் அள்ளிக்கொண்டு போன ஒருத்தரை எனக்குத் தெரியும். காட்ஸைத் திருப்பேக்க மேசையே கத்தினது உண்மைதான். முச்சக்கரவண்டிக்குக் குடுக்கத்தான் காசு காணேல்ல.